வில் செய்யும் கட்டையில் கணுவும் வெடிப்பும் இருந்தால் கழித்துவிட வேண்டுமா?

கணுவும் வெடிப்பும் உள்ள கட்டையில் வில் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். ஆனால் குறை எவ்வளவு பெரியது என்பதற்கு முன், அது வில்லின் எந்தப் பக்கத்தில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். நாணை இழுக்கும்போது எய்பவரை நோக்கிய உட்புறம் நசுங்குகிறது, இலக்கை நோக்கிய வெளிப்புறம் இழுபடுகிறது. வில் திடீரென்று முறிவது பெரும்பாலும் இழுபடும் பக்கத்திலிருந்துதான்.

ஆகவே வெளிப்புறத்தில் மரத்தின் நார் முனைக்கு முனை அறுபடாமல் ஓட வேண்டும். மேலை நாட்டு வில் செய்பவர்கள் இதற்காக ஒரே ஆண்டு வளையத்தைப் பின்பற்றிச் செதுக்கச் சொல்வார்கள். பாலக்காட்டை அடுத்த எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் கிடைக்கும் மரங்களில், தேக்கு போன்ற சிலவற்றைத் தவிர, வளையம் தெளிவாகத் தெரிவதில்லை என்பதால் அந்த யோசனை நமக்கு அப்படியே உதவாது. மரத்தை வாளால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்து, பட்டையை மட்டும் உரித்து, அதன் அடியில் உள்ள பரப்பையே வெளிப்புறமாக வைத்துக்கொள்வதே மேல்.

அந்தப் பரப்பில் கணு இருந்தால் அதைச் சமமாக இழைத்துவிடாதீர்கள். நார் கணுவைச் சுற்றி வளைந்து செல்வதால், மேட்டைச் சீவினால் அது அறுந்து, முறிவு அங்கிருந்தே தொடங்கும். மேட்டை மேடாகவே விட்டு, அவ்விடத்தில் அகலத்தையும் சற்றுக் கூட்டி, விளிம்பை நாரின் போக்கிலேயே செதுக்க வேண்டும் (நேர்க்கோட்டு வில்லைவிட இதுதான் என் கண்ணுக்கு அழகு). உட்புறத்தில் இருக்கும் சிறிய ஆடும் கணுவைத் தோண்டி எடுத்துவிட்டு, மரத்தூளும் பசையும் கலந்து அடைத்தால் போதும்.

வெடிப்புக்கு எங்கள் ஊரில் காற்றும் ஒரு காரணம். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் வறண்ட கிழக்குக் காற்று, பச்சைக் கட்டையின் முனைகளை மற்ற பகுதிக்கு முன்பே உலர்த்திப் பிளந்துவிடும். வெட்டிய அன்றே இரு முனைகளிலும் மெழுகோ பெயிண்டோ பூசி நிழலில் அடுக்குவது நல்லது. நாரோடு ஒட்டி ஓடும் வெடிப்பில் ஃபெவிக்விக் போன்ற நீர்த்த பசையை ஊறவிட்டால் அது பெரும்பாலும் தொல்லை தராது. சாய்வாக ஓடி விளிம்பில் வெளியேறும் வெடிப்போ, வெளிப்புறத்தில் குறுக்கே விழுந்த கீறலோ இருந்தால், எவ்வளவு நல்ல மரமானாலும் விறகுக்குப் போடுங்கள். நூல் சுற்றி அதை நம்புவது முகத்துக்கு ஆபத்து.

கட்டை சற்று முறுக்கிக்கொண்டிருந்தால், அவ்விடத்தை ஆவியில் வேகவைத்துத் திருப்பி, ஆறும்வரை இறுக்கிக் கட்டி நேராக்கலாம். வளைத்துப் பார்க்கத் தொடங்கிய பின் உட்புறத்தில் குறுக்காக மெல்லிய சுருக்கக் கோடுகள் தோன்றினால், அவ்விடம் அளவுக்கு மீறி வளைகிறது என்று பொருள். அங்கே இனிச் சீவாமல், அதன் இருபுறமும் சீவி வளைவைப் பரப்ப வேண்டும்.