வங்கிக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறதே, வங்கியை விட்டால் வேறு வழி உண்டா?

"மாதம் தவறாமல் ஏதோ ஒரு பெயரில் கணக்கிலிருந்து பணம் பிடிக்கிறார்கள். இந்த வங்கிகளை விட்டுவிட்டுப் பணத்தை வேறு எங்கே வைக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்ட தொனியைப் பார்த்தால் இப்போதுதான் முதல் தடவையாகக் கணக்கு விவரத்தை எடுத்து வரிவரியாகப் பார்த்திருக்கிறீர்கள் போல. வேலை மாறியவரா? பழைய சம்பளக் கணக்கை மூடாமல் விட்டவரா? அப்படியென்றால் நானும் உங்கள் பந்தியில் உட்கார்ந்தவன்தான்.

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஆறு வருடம் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். சம்பளம் போடுவதற்காகக் கம்பெனியே ஒரு தனியார் வங்கியில் கணக்கு தொடங்கிக் கொடுத்தது. "ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட், ஒரு ரூபாய் இல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். அது பொய் இல்லை. சம்பளம் விழுகிற வரைக்கும் உண்மைதான். 2022இல் நூல் விலை தாறுமாறாக ஏறி, ஆர்டர் குறைந்து, எங்கள் பிரிவில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நானும் மூட்டையைக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊருக்கே வந்துவிட்டேன். வரும்போது அந்தக் கணக்கில் 4,200 ரூபாய் கிடந்தது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அதைத் தொடவில்லை.

சில மாதம் சம்பளம் விழாமல் இருந்தால் அந்தக் கணக்கு தானாகவே சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிடும், அப்புறம் அதில் சராசரியாக 10,000 ரூபாய் வைத்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. படிவத்தின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருந்திருக்கும். இல்லை என்று நான் சொல்லவே இல்லை. "படிக்காமல் கையெழுத்துப் போட்டது உன் தப்பு" என்று எழுத யாராவது விரலை மடக்கிக்கொண்டு காத்திருந்தால், ஒப்புக்கொண்டேன், மேலே படியுங்கள்.

அபராதக் கணக்கு எப்படி என்றால், 10,000க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் 6 சதவீதம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. என்னிடம் இருந்தது 4,200. குறைவது 5,800. முதல் மாதம் பிடித்தது 410 ரூபாய் சொச்சம். அடுத்த மாதம் இருப்பு இன்னும் இறங்கிவிட்டதால் 439. அதற்கடுத்து 470. பிறகு 504, 539, 578, 619. கவனித்தீர்களா? பணம் குறையக் குறைய அபராதம் ஏறுகிறது. எட்டாவது மாதம் பிடிக்க வேண்டியது 662, கணக்கில் இருந்ததோ 637. இருந்ததை வழித்து எடுத்துக்கொண்டு கணக்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார்கள். குறைவுக்கு ஏற்ற விகிதத்தில்தான் அபராதம் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். ஆனால் அதை நடைமுறையில் பார்த்தால், அதிகம் இல்லாதவனிடம்தான் அதிகம் வாங்குகிறது.

எனக்கு இது எப்போது தெரிந்தது? திருப்பூரில் கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் கைமாற்றாக வாங்கிய 3,000 ரூபாயைத் திருப்பி அனுப்பினார். பழக்கத்தில் பழைய கணக்குக்கே அனுப்பிவிட்டார். ஏடிஎம்மில் போய் நின்றால் முழுசாக வரவில்லை. பழைய பாக்கி என்று ஒரு துண்டை அதிலும் கடித்துவிட்டிருந்தது. நேராகக் கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் ஏ4 தாளில் விவரத்தை அச்சடித்துக் கொடுத்தார். ஒரே வாசகம் வரிசையாக எட்டு முறை. பேனாவால் ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக் காட்டினேன். அவர் சொன்ன பதில் இன்றுவரை மறக்கவில்லை: "நாங்க எடுக்கல சார், சிஸ்டம் எடுத்துக்குது."

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் மச்சினனே வங்கியில்தான் இருக்கிறான், காலையில் போனால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறான், காப்பீடு விற்கச் சொல்லி அவனை மேலே இருந்து படுத்துகிற பாடு எனக்குத் தெரியும். வங்கி ஊழியர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

சரி, இவ்வளவு மாதம் தகவல் ஒன்றுமே வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. பொய் சொல்லக் கூடாது. ஆங்கிலத்தில், விளம்பரச் செய்திகளுக்கு நடுவில், "அன்புள்ள சுப்பையா" என்று ஆரம்பித்து வந்தது. சுப்பையா நான் இல்லை, என் அப்பா. இறந்து பல வருடமாகிறது. அந்தப் பெயரைப் பார்த்ததும் ஏதோ ஏமாற்று வேலை என்று நினைத்து அழித்துக்கொண்டே இருந்தேன்.

இதைக் கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் இங்கே கொட்டிவிடுகிறேன், மன்னிக்கவும். நமக்கெல்லாம் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல், அவ்வளவுதான். பான் கார்டு வாங்கப் போனால் இனிஷியல் செல்லாது, விரித்து எழுது என்கிறார்கள். விரித்தால் அப்பா பெயர் போய் 'கடைசிப் பெயர்' கட்டத்தில் உட்காருகிறது. கம்பெனி ஆபீசில் அதையே முன்னால் போட்டுவிட்டால் நான் சுப்பையா ஆகிவிடுகிறேன். ஆதாரில் ஒரு மாதிரி, பானில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் இன்னொரு மாதிரி. மூன்றும் ஒருவன்தான் என்று நிரூபிக்க நான் நடந்த நடையில் கன்னியாகுமரிக்கே போய்வந்திருக்கலாம். குடும்பப் பெயர் இல்லாத ஆட்கள் கோடிக்கணக்கில் இருக்கிற நாட்டில் ஒரு படிவத்தை ஒழுங்காக அச்சடிக்க முடியவில்லை. இதைப் பற்றித் தனியாக யாராவது கேள்வி கேளுங்கள், அங்கே வந்து முழுசாகப் புலம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். 2015 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, இருப்பு குறைந்தால் வாடிக்கையாளருக்கு முதலில் தெரிவித்து, சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். இந்த அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. மச்சினன்தான் இதை எடுத்துக் கொடுத்தான். அதைக் குறிப்பிட்டு, பெயர் தப்பாக வந்த செய்தி எனக்கு அனுப்பியதாகாது என்று எழுதி, கிளைக்கும் அவர்களுடைய குறைதீர்க்கும் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். 30 நாளில் தீர்வு வராவிட்டால், வங்கிகள்மேல் வரும் புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் போவேன் என்று கடைசி வரியில் சேர்த்தேன். (புகார் கொடுக்கக் காசு கிடையாது. ஆனால் முதலில் வங்கியிடம் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும், வாயால் சொன்னது கணக்கில் வராது.) இருபத்தி நாலாவது நாள் 'நல்லெண்ண அடிப்படையில்' என்று சொல்லி இரண்டு மாத அபராதத்தை மட்டும் திருப்பிப் போட்டார்கள். எடுத்துக்கொண்டு கணக்கை மூடினேன். முழுசாக வாங்கும்வரை போராடியிருக்க வேண்டும்தான். அப்போது ஊரில் சொந்தமாகத் தையல் யூனிட் ஆரம்பித்து முப்பது நாள்கூட ஆகவில்லை, தெம்பு இல்லை.

இனி உங்கள் கேள்வி. வங்கியே இல்லாமல் வாழ முடியுமா என்றால், என்னால் முடியவில்லை. முதலில் சீட்டு. எங்கள் தெருவில் ஏலச்சீட்டு பிடிக்காத வீடு கிடையாது. பதிவு செய்த சீட்டாக இருந்தால் 1982ஆம் வருடச் சட்டம் இருக்கிறது, நடத்துகிறவர் 7 சதவீதம் வரை கமிஷன் எடுக்கலாம் என்று வரம்பும் இருக்கிறது. பதிவில்லாத சீட்டில் நடத்துகிறவரின் முகத்தைத் தவிர வேறு ஜாமீன் கிடையாது. என் மனைவி மகளிர் குழுவில் இருக்கிறாள். நல்ல விஷயம்தான், ஆனால் குழுவின் பணம் போய்ச் சேருகிற இடமும் ஒரு வங்கிக் கணக்குதான்!

அடுத்து கூட்டுறவு. கூட்டுறவு என்றாலே மட்டமாகப் பேசுகிறவர்களுக்கு ஒன்று: 1904இல் திருவள்ளூர் பக்கம் திரூரிலும் காஞ்சிபுரத்திலும் ஆரம்பித்த சங்கங்கள்தான் இந்த நாட்டுக்கே முன்னோடி. எங்கள் ஊர் சொசைட்டியில் அப்பா காலத்திலிருந்தே நகைக்கடன் வைத்து மீட்டிருக்கிறோம், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் சேமிப்பைப் போடுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் நகரக் கூட்டுறவு வங்கிக்கும் 5 லட்சம் வரையிலான வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு. ஊரில் இருக்கிற தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு அது கிடையாது. 2019இல் மும்பையில் ஒரு பெரிய கூட்டுறவு வங்கி முடங்கியபோது, ஆரம்பத்தில் ஓர் ஆள் ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம் என்று வைத்தார்கள். காப்பீடு இருந்தும் அந்தக் கதி.

நான் போய் நின்றது தபால் ஆபீசில். சேமிப்புக் கணக்குக்கு 500 ரூபாய் போதும், வட்டி 4 சதவீதம். பெரிய வங்கிகள் பலவற்றில் இப்போது சேமிப்புக்கு 2.5தான். 500க்குக் கீழே போனாலும் மாதா மாதம் அரிக்கிற வேலை இல்லை. நிதியாண்டு முடிவில் குறைவாக இருந்தால் 50 ரூபாய் பிடிப்பார்கள், அவ்வளவுதான். பணத்துக்கு அரசாங்கமே பொறுப்பு. குறை இல்லையா? இருக்கிறது. "நெட் இல்ல தம்பி, மத்தியானமா வா" என்று போஸ்ட் மாஸ்டர் அம்மா சொன்னது எத்தனை தடவை என்று எனக்கே கணக்கில்லை. மத்தியானம் போனால் அவர் சாப்பிடப் போயிருப்பார். கடைக்கு வருகிறவர்கள் ஸ்கேன் செய்து அனுப்புவதற்காக அதே கட்டடத்தில் அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கும் வைத்திருக்கிறேன். அதில் நாள் முடிவில் 2 லட்சத்துக்கு மேல் வைக்க முடியாது, கடனும் தர மாட்டார்கள். என் வியாபாரத்துக்கு 2 லட்சம் என்பது தீபாவளிக்குக்கூட எட்டாத உயரம், அதனால் கவலையில்லை.

ஆனால் சிறு தொழிலுக்கு அரசு திட்டத்தில் தருகிற முத்ரா கடனுக்கு, துணி வாங்கிய இடத்துக்குக் காசோலை கொடுப்பதற்கு, வங்கி வேண்டியிருந்தது. அப்போதுதான் மச்சினன் இன்னொன்று சொன்னான். எந்த வங்கியானாலும், தனியார் வங்கியானாலும், 'அடிப்படை சேமிப்புக் கணக்கு' என்று ஒன்று கேட்டால் தந்தே ஆக வேண்டும். 2012இலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. குறைந்தபட்ச இருப்பு கிடையாது, ஏடிஎம் கார்டுக்கு வருடக் கட்டணம் கிடையாது, மாதம் நான்கு முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருந்தால் அதை 30 நாளில் மூடிவிட வேண்டும், அதுதான் நிபந்தனை. ஜன்தன் கணக்கும் இந்த வகைதான். ஏழைகளுக்கு மட்டும் என்று கவுண்டரில் சொன்னால் நம்பாதீர்கள், அப்படி ஒரு விதி இல்லை. நான் கேட்டபோது "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்" என்றார்கள். எழுத்தில் பதில் கொடுங்கள் என்றேன், படிவம் வந்துவிட்டது.

நான்கு முறைக்குள் அடக்க முடியாது, ஆனாலும் அபராதம் வேண்டாம் என்றால் பொதுத்துறை வங்கிக்கு மாறுங்கள். ஸ்டேட் பாங்க் 2020 மார்ச்சிலேயே குறைந்தபட்ச இருப்பு அபராதத்தை விட்டுவிட்டது. கனரா, பஞ்சாப் நேஷனல், பரோடா, இந்தியன் வங்கி எல்லாம் 2025இல் விட்டன. சும்மா விட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 2024 மார்ச்சோடு முடிந்த ஐந்து வருடத்தில் பொதுத்துறை வங்கிகள் மட்டும் இந்த அபராதத்தில் சுமார் 8,500 கோடி வாங்கியிருக்கின்றன என்ற கணக்கு நாடாளுமன்றத்திலேயே வந்து நாறிய பிறகுதான் பல வங்கிகளுக்கு மனசு இளகியது.

அப்புறம் சில்லறைக் கசிவுகள். இலவச எண்ணிக்கைக்கு மேல் ஏடிஎம்மில் எடுத்தால் 2025 மே முதல் 23 ரூபாய் வரை பிடிக்கலாம், ஜிஎஸ்டியோடு 27 ரூபாய் 14 காசு. நூறு ரூபாய் எடுக்கப் போகிறவர் அதை யோசித்துக்கொள்ளுங்கள். என் மனைவி கணக்கில் வருடா வருடம் மே கடைசியில் 436 ரூபாய் போய்க்கொண்டிருந்தது, ஆயுள் காப்பீடாம். திட்டம் கெட்டது என்று சொல்லவில்லை, 2 லட்சம் கவரேஜ் இருக்கிறது. ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை. யாரை வாரிசாகப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, கவுண்டரில் இருந்தவருக்கும் தெரியவில்லை.

போன வாரம் அந்த மூடிய வங்கியிலிருந்தே ஒரு செய்தி வந்தது. "அன்புள்ள சுப்பையா, உங்களுக்கு 3 லட்சம் ரூபாய் கடன் ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டுள்ளது." அம்மாவிடம் தமிழில் வாசித்துக் காட்டினேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "வீடு கட்டும்போது அந்த மனுசன் எத்தன பாங்குக்கு நடந்தாரு, அப்ப ஒருத்தனும் குடுக்கலியே."