கொப்புளத்தை முதலில் காட்டுங்கள், இடுப்பு மூட்டை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: வயது 58. 21 ஆண்டுகளுக்கு முன் விபத்தில் வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். செயற்கைக் காலில்தான் நடக்கிறேன். ஒரு வருடமாக அதே பக்கம் தொடையிடுக்கில் வலி. தினம் இரண்டு வலி மாத்திரை போடுகிறேன். இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும் என்கிறார்கள். பாதி எலும்பில் மூட்டு நிற்குமா? உலோகம் ரத்தத்தில் விஷமாகக் கலக்கும், இல்லாத காலின் வலி அதிகமாகும் என்றெல்லாம் இணையத்தில் இருக்கிறது. மூட்டில் 'டக்' என்று சத்தமும் கேட்கிறது. சாக்கெட் (தொடையை நுழைக்கும் செயற்கைக் காலின் கூடு) உரசும் இடத்தில் அவ்வப்போது கொப்புளம் வரும். வீட்டில் இருக்கும் ஆண்டிபயாடிக்கை மூன்று நாள் போட்டால் அமுங்கிவிடும். கடைசியில் மீதித் தொடையையும் இழந்துவிடுவேனோ?

பதில்: நிற்கும். உங்களிடம் இல்லாதது தொடை எலும்பின் கீழ்ப்பகுதி. செயற்கை மூட்டு உட்காருவது மேல்பகுதியில். மூட்டு மாற்றுவதாலேயே மீதித் தொடை போய்விடாது. ஆனால் அந்த நிலைமைக்குக் கொண்டுபோய் விடக்கூடிய ஒன்றை, போகிற போக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள்: கொப்புளம், மூன்று நாள் ஆண்டிபயாடிக்.

இடுப்பில் வைக்கும் உலோகத்துக்கு ரத்த ஓட்டம் கிடையாது. தோலில் இருக்கும் கிருமி அறுவைக் காயம் வழியாகவோ ரத்தம் வழியாகவோ அதன்மேல் போய் ஒட்டினால், பிசுபிசுப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் குடியேறிவிடும். மருந்து அங்கே சரியாக வேலை செய்யாது. அறிகுறி தொடங்கி ஏறக்குறைய 3 வாரத்துக்குள் கண்டுபிடித்தால், திறந்து கழுவி, செயற்கை மூட்டின் உருண்டையையும் அது சுழலும் கிண்ணத்தின் உள்ளுறையையும் மட்டும் மாற்றி மூட்டைக் காப்பாற்றப் பார்க்கலாம். தாமதமானால் பெரும்பாலும் மூட்டு முழுவதையும் கழற்றி, ஆண்டிபயாடிக் கலந்த எலும்புச் சிமென்ட்டை இடையில் வைத்து, வாரக்கணக்கில் மருந்து ஏற்றி, அதன்பிறகே புது மூட்டு. இரண்டு காலும் உள்ளவருக்கே இது பெரும்பாடு. குட்டைத் தொடையை வைத்துச் செயற்கைக் காலை வீசி நடக்கும் உங்களுக்கு, இடுப்பில் உறுதியான மூட்டு இல்லாவிட்டால் அந்தக் காலை ஆளவே முடியாது. புது மூட்டு வைக்க வழியில்லாமல் போனால் நடையே நின்றுவிடும். சீழ் அடங்காத மிகச் சில பேருக்கு, நீங்கள் பயப்படுகிற அந்த அறுவை சிகிச்சையைப் பற்றியும் பேச வேண்டி வரும்.

ஆகவே மருந்துப் பெட்டியில் மிச்சம் இருக்கும் ஆண்டிபயாடிக்கை இனித் தொடாதீர்கள். மூன்று நாள் மாத்திரையில் கொப்புளம் அமுங்கியது என்றால் கிருமி ஒழிந்தது என்று அர்த்தமில்லை. அதைவிட மோசம், பரிசோதனையை அது கெடுத்துவிடும்: சீழையோ மூட்டு நீரையோ எடுத்து வளர்த்துப் பார்த்தால் ஒன்றும் வளராமல் போகலாம், ரிப்போர்ட்டில் 'கிருமி இல்லை' என்று வரும், எல்லோரும் ஏமாறுவோம். மூட்டு நீரை ஊசியில் எடுத்துச் சோதிக்கும் முன் குறைந்தது 2 வாரம் ஆண்டிபயாடிக் உடம்பில் இருக்கக் கூடாது. அடுத்த கொப்புளம் வரும்போது செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு, மாத்திரை போடாமல், அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

திரும்பத் திரும்ப ஒரே இடத்தில், அதுவும் தொடையின் உள்பக்கம் சாக்கெட்டின் மேல்விளிம்பு படும் இடத்தில் வந்தால், தோலுக்கு அடியில் பட்டாணி போல உருளும் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். விளிம்பு உரசி உரசி உண்டாகும் கட்டியாக அது இருக்கலாம். அதற்கு மருந்து மாத்திரையில் இல்லை. சாக்கெட் விளிம்பைச் சரிசெய்ய வேண்டும். தேவைப்பட்டால் கட்டியை எடுத்துவிட வேண்டும். அதையும் மூட்டு மாற்றத்துக்கு முன்பே முடித்துத் தோல் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஸ்டம்பில் (மீதித் தொடையில்) முடியை மழிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். லைனரை (சாக்கெட்டுக்குள் தோலின்மேல் போடும் மென்மையான உறையை) தினமும் இரவில் மென்மையான சோப்பால் கழுவி, சோப்பு கொஞ்சமும் தங்காமல் அலசிக் காயவையுங்கள்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்று. கொப்புளம் இருக்கும்போதோ அது அமுங்கிய சில நாட்களிலோ காய்ச்சல் வந்து, படுத்திருக்கும்போதும் தொடையிடுக்கு வலித்து, தொடையை லேசாகத் திருப்பினாலே உயிர் போகிறது என்றால், அது தேய்மான வலி இல்லை. மூட்டுக்குள்ளேயே சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. புது மூட்டு வைத்த பிறகும், எத்தனை வருடம் ஆனாலும், இதே விதிதான். காய்ச்சல் இல்லாவிட்டாலும், அறுவைக்கு முன் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். அவை உயர்ந்திருந்தால் மூட்டு நீரையும் சோதிக்கச் சொல்லுங்கள். வலிக்காக இடுப்பு மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால், அதிலிருந்து 3 மாதம் கழித்துத்தான் மூட்டு மாற்றம். அதற்கு முன் செய்தால் தொற்று அபாயம் கூடும்.

இனி அந்தப் பாதி எலும்பு. பெரியவர்களின் தொடை எலும்பு ஏறக்குறைய 45 செ.மீ. நீளம். அதற்குள் இறக்கும் உலோகத் தண்டு சுமார் 15 செ.மீ.; குட்டைத் தண்டு என்றால் 10 செ.மீ. சுற்று. நடுத்தொடையில் எடுத்தவர்களுக்கும் பெரும்பாலும் இடம் போதும். சிக்கல் நீளத்தில் இல்லை, திருப்பத்தில். தண்டை வழக்கமாக 10 முதல் 20 டிகிரி முன்பக்கம் திருப்பி வைப்பார்கள். முழங்கால் இருந்தால் அதை மடக்கி, கெண்டைக்காலை அளவுகோலாக வைத்துப் பார்த்துவிடலாம். உங்களுக்கு அது இல்லாததால், இடுப்பிலிருந்து ஸ்டம்பின் நுனி வரை எக்ஸ்-ரேயும் சிடி ஸ்கேனும் எடுத்துக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். பிடித்துத் திருப்பக் கால் இல்லாததால், தொடை எலும்பில் தற்காலிகமாக ஒரு திருகாணியை முடுக்கி அதையே கைப்பிடியாக வைத்துக்கொள்வார்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள். தொடைச் சாக்கெட்டில் உடல் எடையில் பெரும்பங்கு நாம் உட்காரும்போது நாற்காலியில் ஊன்றும் இடுப்பெலும்பு வழியாக இறங்கிவிடுவதால், தொடை எலும்புக்கு வேலை குறைந்து அது மெலிந்திருக்கும். எலும்பு அடர்த்தியை அளந்துவிட்டு, தண்டை இறுக்கி அடிப்பதா, சிமென்ட் வைப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். மெலிந்த எலும்பில் இறுக்கி அடித்தால் விரிசல் விடலாம். தொடையை உள்பக்கம் இழுக்கும் தசைகள் பிடிப்பை இழந்திருப்பதால் ஸ்டம்ப் முன்பக்கமும் வெளிப்பக்கமும் இழுத்துக்கொண்டு நிற்கும். மூட்டு நழுவாமல் இருக்க, உருண்டைக்கு மேல் இன்னொரு உருண்டை சுழலும் இரட்டை அசைவுக் கிண்ணத்தை வைக்கலாமா என்று கேளுங்கள். கால் நீளம் கூடிவிடுமோ, குறைந்துவிடுமோ என்பது மற்றவர்களின் தலைவலி. உங்களுக்குச் செயற்கைக் காலின் குழாயைச் சரிசெய்தால் தீர்ந்தது.

உலோக விஷம்? உலோகத்தின்மேல் உலோகமே உரசும் பழைய வகை மூட்டுகளைப் பற்றிய கதை அது. 2010-இல் அதில் ஒரு மாடல் திரும்பப் பெறப்பட்டது. இப்போது வழக்கமாக வைப்பது பிளாஸ்டிக் உள்ளுறையில் சுழலும் பீங்கான் அல்லது உலோக உருண்டை. வலியில்லாத 'டக்' சத்தத்தை விட்டுத்தள்ளுங்கள். இல்லாத காலின் வலி அறுவைக்குப் பின் சில நாள் எட்டிப் பார்க்கலாம், மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்த வலி போகும் என்று மூட்டை மாற்றவும் வேண்டாம், வரும் என்று மாற்றாமல் இருக்கவும் வேண்டாம். உண்மையில் மூட்டுதான் வலிக்கிறதா என்று சந்தேகம் இருந்தால், ஸ்கேன் பார்த்தபடி மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவார்கள். சில மணி நேரம் வலி விட்டால் மூட்டுதான். தினம் இரண்டு வலி மாத்திரையை யார் எழுதிக் கொடுத்தார்கள்? வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ வந்தால் அறுவையே தள்ளிப்போகும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, நிறுத்துவதா வேண்டாமா என்று மருத்துவர் சொல்லட்டும்.

அறுவைக்குப் பின் ஸ்டம்ப் வீங்கும். பழைய சாக்கெட் ஏறாது. தையல் ஆறி வீக்கம் வடியும்வரை செயற்கைக் கால் வேண்டாம், 6 வாரம் ஆனாலும் பதறாதீர்கள். ஆனால் ஸ்டம்புக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது. மடங்கியபடியே இறுகிவிட்டால் பிறகு நிமிர்ந்து நிற்க முடியாது. துணியைச் சாக்கெட் ஓட்டை வழியாக இழுத்து மாட்டுகிறவராக இருந்தால், குனிந்து இழுக்கும் அந்த அசைவில் புது மூட்டு நழுவக்கூடும். உட்கார்ந்து குனிந்து மாட்டாமல், நிமிர்ந்து நின்றபடி இழுத்துக்கொள்ளும் பட்டை வைத்த லைனருக்கு முன்பே மாறிப் பழகுங்கள்.

இரவில் தூக்கக் கலக்கத்தில் இரண்டு காலும் இருக்கும் நினைப்பில் எழுந்து விழுகிறவர்கள் உண்டு. வலி மருந்தின் மயக்கம் அதைக் கூட்டும். வாக்கரைக் கட்டிலை ஒட்டி, எழும் பக்கத்திலேயே வையுங்கள். விழுந்தால் பாதம் வெளியே திரும்பியிருப்பதைப் பார்த்து எலும்பு முறிவைக் கண்டுபிடிக்க உங்களுக்குப் பாதம் இல்லை. தொடையிடுக்கு வலித்து, ஸ்டம்பைத் தூக்க முடியாவிட்டால் எக்ஸ்-ரே எடுத்தே தீர வேண்டும்.

அடுத்த முறை எலும்பு மருத்துவரிடம் போகும்போது செயற்கைக் காலையும் லைனரையும் கொண்டுபோங்கள். சாக்கெட்டை மாட்டி, அதன் மேல்விளிம்பு எங்கே நிற்கிறது என்று தோலில் பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள். அறுக்கும் தழும்பு அந்தக் கோட்டில் விழாமல் திட்டமிட அவருக்கு அது வேண்டும். கொப்புளம் வரும் இடமும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.