குறி தப்பவில்லை, ஆள்தான் தப்பு: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை தபால் பெட்டி முழுக்க ட்ரோன்தான். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கி எடுத்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு ட்ரோன் கேமரா என்ன வாடகை என்று கேட்ட ராஜபாளையத்து வாசகர் மன்னிக்கவும், இது வேறு ட்ரோன்.

கேள்வி: ட்ரோன் மணிக்கணக்கில் வட்டமடித்துப் பார்த்து, உறுதி செய்துகொண்டுதான் சுடுகிறது. கொத்துக் கொத்தாகக் குண்டு போடும் விமானத்தைவிட இது எவ்வளவோ மேல்தானே? எதற்கு இத்தனை எதிர்ப்பு? (பொறியியல் மாணவர், கோவில்பட்டி)

பதில்: பாதி சரி தம்பி. 500 பவுண்டு குண்டோடு ஒப்பிட்டால் ட்ரோனிலிருந்து போகும் ஹெல்ஃபயர் ஏவுகணை சின்னதுதான், சொன்ன இடத்தில்தான் விழும். அந்த இடத்தில் இருப்பது யார் என்று ஏவுகணைக்குத் தெரியாது, அதைச் சொல்ல வேண்டியது மனுஷன். கோளாறு அங்கேதான்.

2021 ஆகஸ்ட் 29, காபூல். மூன்று நாளுக்கு முன்னால் விமான நிலைய வாசலில் தற்கொலைக் குண்டு வெடித்து 13 அமெரிக்க வீரர்களும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆப்கானியர்களும் இறந்திருந்தார்கள். அடுத்த தாக்குதலுக்கு வெள்ளை டொயோட்டா கொரோலா வருகிறது என்று ஒரு தகவல். காபூலில் வெள்ளை கொரோலாவைத் தேடுவது சென்னையில் மஞ்சள் ஆட்டோவைத் தேடுவது மாதிரி. ஒன்று கண்ணில் பட்டது, சுமார் எட்டு மணி நேரம் மேலிருந்து பின்தொடர்ந்தார்கள். ஓட்டியவர் ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர், பசித்தவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் நிறுவனம். அன்று அவர் உடன் வேலை செய்பவர்களை ஏற்றி இறக்கினார், அலுவலகத்தில் கேன் கேனாகத் தண்ணீர் பிடித்து வண்டியில் ஏற்றினார், சாயங்காலம் வீட்டுக்குப் போனார். மேலிருந்து பார்த்தவர்களுக்கு அலுவலகம் பதுங்குமிடமாகவும், தண்ணீர் கேன் வெடிமருந்தாகவும் தெரிந்தது. வண்டி வீட்டு முற்றத்தில் நுழைந்தபோது ஏவுகணை விட்டார்கள். 10 பேர் இறந்தார்கள், அதில் 7 குழந்தைகள்.

இது 'நியாயமான தாக்குதல்' என்றார் அமெரிக்கக் கூட்டுப்படைத் தலைவராக இருந்த மார்க் மில்லி. நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் சிசிடிவி பதிவைத் தேடி எடுத்துத் தண்ணீர் கேனைக் காட்டிய பிறகுதான், செப்டம்பர் 17 அன்று, தவறு நடந்துவிட்டது என்று ராணுவம் ஒத்துக்கொண்டது. விமானப்படை இன்ஸ்பெக்டர் ஜெனரல் விசாரித்து, சட்டம் எதுவும் மீறப்படவில்லை என்றார். சுடுவதற்கு இரண்டு நிமிடம் முன்பு வீடியோவில் ஒரு குழந்தை தெரிந்தது என்றும் அவரேதான் சொன்னார். டிசம்பரில், யார் மேலும் நடவடிக்கை இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

அவசரத்தில் நடந்த ஒரு விபத்து என்பீர்கள். சரி, 2010 பிப்ரவரி 21-க்குப் போவோம். ஆப்கானிஸ்தானின் உருஸ்கான் மாகாணத்தில் விடிவதற்கு முன்னாலேயே மூன்று வண்டிகளில் கிளம்பிய ஜனங்களை, அமெரிக்காவின் நெவாடாவில் உட்கார்ந்து பிரிடேட்டர் என்ற ட்ரோனை இயக்கிய குழு மூன்று மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டே இருந்தது. அவர்கள் பேசிக்கொண்டதன் எழுத்துப் பதிவு பிற்பாடு தகவல் உரிமைச் சட்டத்தில் வெளியே வந்தது, படித்தால் தூக்கம் வராது. வண்டியை நிறுத்தித் தொழுதார்கள். பார்த்தாயா, தாலிபான்தான் என்றது குழு. வீடியோவைச் சரிபார்க்க ஃப்ளோரிடாவில் இருந்தவர்கள் குழந்தைகள் தெரிகிறார்கள் என்றார்கள்; அது பேச்சுவாக்கில் 'வளர்ந்த பையன்கள்' ஆகி, அப்புறம் ஆயுதம் தூக்கும் வயதுக்காரர்கள் ஆகிவிட்டது. அவர்கள் சொன்னதை வைத்து ஹெலிகாப்டர்கள் சுட்டு முடித்த பிறகு பளிச்சென்ற சேலைத்துணி மாதிரி நிறங்கள் தெரிய, கைக்குழந்தையோடு ஒரு பெண் தெரிய, அப்போதுதான் அறை அமைதியானது. அமெரிக்கக் கணக்கில் 15 அல்லது 16 அப்பாவிகள் செத்தார்கள், ஊர்ப் பெரியவர்கள் கணக்கில் 23 பேர். பிரிடேட்டர் குழு தந்த தகவல்கள் துல்லியமற்றவை, தொழில்முறைக்கு ஒவ்வாதவை என்று ராணுவ விசாரணையே எழுதியது.

ஆகவே நீங்கள் சொல்லும் அந்த 'மணிக்கணக்கில் பார்ப்பது' எனக்கு ஆறுதல் தரவில்லை. ஒருவன் மேல் சந்தேகத்தோடு எட்டு மணி நேரம் பார்த்தால் அவன் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் சந்தேகம்தான் கூடும். அவனிடம் போய் நீ யாரப்பா என்று கேட்க ஆள் கிடையாது.

கேள்வி: தீவிரவாதியைக் கொன்றால் உங்களுக்கு ஏன் வலிக்கிறது? (பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: தீவிரவாதியைக் கொன்றால் வலிக்கவில்லை. 2011 மார்ச் 17 அன்று பாகிஸ்தானின் வடக்கு வசிரிஸ்தானில், தத்தா கேல் என்ற ஊரில், ஒரு குரோமைட் சுரங்கத் தகராறைத் தீர்க்க ஊர்ப் பெரியவர்கள் பஞ்சாயத்து கூட்டினார்கள். பக்கத்து ராணுவ முகாமுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுத்தான் கூட்டினார்கள், அரசாங்கச் சம்பளம் வாங்கும் காவலர்களும் உட்கார்ந்திருந்தார்கள். சிஐஏ ட்ரோன் அடித்ததில் சுமார் 40 பேர் போனார்கள். அந்த வட்டாரத்தில் பிள்ளைகளை வளர்த்த, வழக்கு தீர்த்த தலைமுறை ஒரே காலையில் காலி. வலிப்பது அங்கே.

இன்னொன்றும் பாருங்கள். 2015 ஜனவரியில் அதே எல்லைப்புறத்தில் ட்ரோன் அடித்தபோது அல் கொய்தா பிடித்து வைத்திருந்த இரண்டு பிணைக்கைதிகளும் செத்துப்போனார்கள், ஒருவர் அமெரிக்கர், மற்றவர் இத்தாலியர். ஒபாமா தொலைக்காட்சியில் வந்து, முழுப் பொறுப்பும் என்னுடையது என்று மன்னிப்புக் கேட்டார். நல்ல காரியம். தத்தா கேல் குடும்பங்களுக்கு அப்படி யாரும் வந்து நிற்கவில்லை. மன்னிப்புக்கும் பாஸ்போர்ட் பார்க்கிறார்கள் போல.

கேள்வி: மொத்தம் எத்தனை அப்பாவிகள் செத்தார்கள் என்று யாராவது கணக்கு வைத்திருக்கிறார்களா? (ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்)

பதில்: வைத்திருக்கிறார்கள் அம்மா, ஆளுக்கொரு கணக்கு. 2009 முதல் 2015 வரை, போர்க்களம் என்று அறிவிக்கப்படாத நாடுகளில் 473 தாக்குதல் நடத்தினோம், 64-லிருந்து 116 வரை அப்பாவிகள் இறந்தார்கள் என்று ஒபாமா அரசு 2016-இல் ஒரு தாள் வெளியிட்டது. ஊர் ஊராகச் செய்தி திரட்டிய பியூரோ ஆஃப் இன்வெஸ்டிகேட்டிவ் ஜர்னலிசம் அமைப்போ அதே காலத்துக்கு 380-லிருந்து 801 வரை என்றது. அரசுக் கணக்கைப்போலப் பல மடங்கு.

ஏன் இப்படி? தாக்குதல் நடந்த இடத்தில் சண்டை போடும் வயதில் இருந்த ஆண்கள் எல்லாரையும், வேறு ஆதாரம் கிடைக்காத வரை, எதிரியாகவே எண்ணும் வழக்கம் இருந்தது என்று 2012-இல் செய்தி வந்தது. அப்பாவி என்று நிரூபிக்க வேண்டியது செத்தவனுடைய வேலை. அந்தக் கணக்கையாவது வருஷாவருஷம் வெளியிட வேண்டும் என்று ஒபாமா போட்ட விதியை, போர்க்களத்துக்கு வெளியே நடக்கும் தாக்குதல்களுக்கு, டிரம்ப் 2019 மார்ச்சில் எடுத்துவிட்டார்.

எண்ணில் அடங்காத கணக்கு ஒன்று இருக்கிறது. 2012 அக்டோபரில் வடக்கு வசிரிஸ்தானில் தோட்டத்தில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியை ட்ரோன் கொன்றது, பேரப்பிள்ளைகள் பக்கத்திலேயே காயப்பட்டார்கள். அடுத்த வருஷம் அந்தக் குடும்பம் வாஷிங்டன் போய் நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்னால் பேசியது. தனக்கு இப்போது நீல வானம் பிடிப்பதில்லை, மேகமூட்டமாக இருந்தால்தான் ட்ரோன் வராது என்றான் 13 வயதுப் பேரன். கேட்க வந்திருந்த உறுப்பினர்கள் 5 பேர். காயம் ஒன்றும் படாமல், வானம் வெளுத்தாலே வயிறு கலங்கும் பிள்ளைகள் எத்தனை பேரோ, அது எந்த அறிக்கையிலும் வராது.

கேள்வி: ஏசி அறையில் உட்கார்ந்து பட்டனைத் தட்டுகிறவனுக்கும் மன உளைச்சல் வருகிறதாமே? கொஞ்சம் ஓவராக இல்லை? (ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்)

பதில்: இல்லை, உண்மைதான். போர் விமானி குண்டைப் போட்டுவிட்டுப் பறந்துவிடுவார். லாஸ் வேகாஸுக்குப் பக்கத்தில் கிரீச் விமானப்படைத் தளத்திலிருந்து ட்ரோன் ஓட்டுபவர் அப்படிப் போக முடியாது. ஒருவர் காலையில் எழுவதை, பிள்ளையோடு விளையாடுவதை நாள்கணக்கில் பார்த்து, பிறகு ஒரு நாள் சுட்டு, அதற்கப்புறமும் அங்கேயே வட்டமடித்து எத்தனை உடல் என்று எண்ண வேண்டும். ஷிஃப்ட் முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு. வழியில் பால் வாங்கிக்கொண்டும் போகலாம். மனநலக் கோளாறுகள் இவர்களிடமும் போர் விமானிகளிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதாக அமெரிக்க ராணுவத்தின் சொந்த ஆய்வே 2013-இல் சொன்னது. உயிருக்கு ஆபத்தே இல்லாத வேலையில் இந்த நிலைமை.

எனக்கு அவர்கள் மேல் இரக்கம் உண்டு, ஆனால் இரக்க வரிசையில் அவர்களை முதலில் நிறுத்த மாட்டேன். ஒருவரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். டேனியல் ஹேல், ஆப்கானிஸ்தானில் விமானப்படை உளவுப் பிரிவில் வேலை பார்த்தவர். ரகசிய ஆவணங்களைப் பத்திரிகையாளரிடம் கொடுத்தார். வடகிழக்கு ஆப்கானிஸ்தானில் ஓர் ஐந்து மாத காலத்தில் வான் தாக்குதலில் செத்தவர்களில் 10-க்கு 9 பேர் குறிவைக்கப்பட்டவர்களே இல்லை என்பது அப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 2021 ஜூலையில் அவருக்கு 45 மாதம் சிறை. அடுத்த மாதம்தான் காபூல் முற்றம். அங்கே சுட்டவர்களுக்கு எத்தனை மாதம் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: 2008, 2009ல நாங்கள் வன்னியில இருந்தனாங்கள். வண்டு, அதுதான் வேவு ட்ரோன், சுத்தத் தொடங்கினா பங்கருக்குள்ள ஓடுவம், கொஞ்ச நேரத்தில ஷெல்லோ கிபிர் குண்டுவீச்சு விமானமோ வரும். அது சுடேல்லைதானே, பார்த்தது மட்டும்தானே எண்டு இப்ப சிலர் சொல்லினம். நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்? (வாசகி, கிளிநொச்சி)

பதில்: அக்கா, இலங்கைப் படையின் ட்ரோன்கள் ஆயுதம் ஏந்தாத வேவு விமானங்கள் என்பது சரி. உருஸ்கானிலும் பார்த்தது ட்ரோன், சுட்டது ஹெலிகாப்டர். கண் ஒரு இடத்திலும் கை ஒரு இடத்திலும் இருந்தால் குற்றம் இரண்டுக்கும் நடுவில் காணாமல் போய்விடுமா?

வேவு விமானம் அனுப்பியவர்கள் இருட்டில் ஷெல் அடிக்கவில்லை. எங்கே கூடாரம், எங்கே சனக்கூட்டம், எங்கே ஆஸ்பத்திரி என்று பார்க்கும் வசதி கையில் இருந்தது. புதுக்குடியிருப்பு மருத்துவமனை திரும்பத் திரும்ப ஷெல்லடிக்கு ஆளானதையும், அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள் ஷெல் விழுந்ததையும் ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிவு செய்திருக்கிறது. புலிகள் மக்களை வெளியேற விடாமல் வைத்திருந்ததையும் அதே அறிக்கை சொல்கிறது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வண்டு எடுத்த படங்கள் இருக்குமே, அவை எங்கே என்றுதான் கேட்க வேண்டும். நாங்கள் அறியோம் என்று சொல்லும் உரிமையை, கேமராவை மேலே அனுப்பிய அன்றே அவர்கள் இழந்துவிட்டார்கள்.

கேள்வி: உக்ரைனில் தெருவில் நடந்து போகிறவர்களையே ட்ரோன் துரத்திக் கொல்கிறதாமே, உண்மையா? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: உண்மை. ஊர் பெயர் கெர்சோன். நீப்பர் ஆற்றின் ஒரு கரையில் ஊர், எதிர்க்கரையில் ரஷ்யப் படை. சில நூறு டாலரில் முடிந்துபோகும் சின்ன ட்ரோன், அதில் ஒரு கேமரா, ஒரு கையெறி குண்டு. 2024 ஜூலையிலிருந்து பஸ்ஸுக்கு நிற்பவரை, சைக்கிளில் போகிறவரை, ஆம்புலன்ஸை எல்லாம் தேடித் தேடி அடிக்கிறார்கள். அதை வீடியோவாக்கி, நக்கல் வரி போட்டு டெலிகிராமில் ஏற்றுகிறார்கள். ஐ.நா. விசாரணை ஆணையம் 2025 மே மாதம் இதை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்றே எழுதியது; 150-க்கு நெருக்கமானவர்கள் இறந்ததாகக் கணக்கு. அங்கே இப்போது சாலைக்கு மேலே மீன்வலை மாதிரி வலை கட்டி அதற்கடியில் வண்டி ஓட்டுகிறார்கள்.

காபூலில் தொண்டு ஊழியரை எதிரி என்று நினைத்துச் சுட்டார்கள். கெர்சோனில் கையில் காய்கறிப் பையோடு போகிறவரை இவர் யார் என்று நன்றாகத் தெரிந்துதான் சுடுகிறார்கள். கேமரா எவ்வளவு தெளிவானாலும் பயனில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கேள்வி: எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்திலும் பெரிய ட்ரோன் இருக்கிறதே, அதுவும் இந்த வகையா? (வாசகர், அரக்கோணம்)

பதில்: ஐ.என்.எஸ். ராஜாளியில் 2020 இறுதியிலிருந்து இருப்பவை அமெரிக்காவிடம் குத்தகைக்கு எடுத்த சீ கார்டியன்கள். கடலைக் கண்காணிக்க மட்டும், ஆயுதம் இல்லை. இரண்டில் ஒன்று 2024 செப்டம்பரில் சென்னைக்கு அப்பால் வங்கக்கடலில் விழுந்துவிட்டது. அதே குடும்பத்து ட்ரோன்கள் 31-ஐ வாங்க 2024 அக்டோபரில் இந்தியா கையெழுத்துப் போட்டது, 15 கடற்படைக்கு, மற்ற இரண்டு படைக்கும் எட்டெட்டு. அவை ஹெல்ஃபயரும் சுமக்கும்.

வாங்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன், அண்டை நாடுகளிடம் இருக்கிறது, 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் ட்ரோன் விட்டு விளையாடிய அந்த நாலு நாளை எல்லாரும் பார்த்தோம். ஆனால் எல்லைக்கு அப்பால் சுட யார் கையெழுத்துப் போடுவார், தப்பாகச் சுட்டால் யார் விசாரிப்பார், நாடாளுமன்றத்துக்குச் சொல்வார்களா? விலையைப் பற்றி நடந்த விவாதத்தில் கால்வாசி கூட இதைப் பற்றி நடந்து நான் பார்க்கவில்லை.

கேள்வி: மனிதன்தான் தப்பு செய்கிறான் என்றால் முடிவெடுக்கும் வேலையை ஏஐ-யிடம் கொடுத்துவிடலாமே? (பொறியியல் மாணவர், கோவில்பட்டி. இவர் இரண்டு கேள்வி அனுப்பியிருந்தார்.)

பதில்: எந்தப் படங்களைக் காட்டி அதற்குக் கற்றுக்கொடுப்பீர்கள்? செத்த ஆண்கள் எல்லாரும் எதிரி என்று குறித்து வைத்த பழைய கணக்கையா? அதுவும் ஒருபக்கம் இருக்கட்டும், இன்று விசாரணை நடந்தால் குறைந்தது குற்றவாளிக் கூண்டில் நிறுத்த ஒரு ஆள் இருக்கிறார், நிறுத்துவதில்லை என்பது வேறு விஷயம்.

தானாக முடிவெடுக்கும் ஆயுதங்களைப் பற்றி 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் ஒரு தீர்மானம் வந்தது. தடை எல்லாம் இல்லை, நாடுகளின் கருத்தைக் கேட்டு ஓர் அறிக்கை தயாரியுங்கள் என்ற அளவில்தான். 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை நாலு: ரஷ்யா, பெலாரஸ், மாலி, இந்தியா. ஜெனீவாவில் ஏற்கெனவே ஒரு குழு இதைப் பேசிக்கொண்டிருக்கிறது, அங்கேயே பேசுவோம் என்பது நம் தரப்பு. அந்தக் குழு பல வருஷமாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறது.