வக்கீல் அண்ணாச்சி பதில்கள்: அரிவாளுக்கு ஒரு சீட்டு

கேள்வி: பக்கத்து ஊரில் கொலை விழுந்ததிலிருந்து எங்கள் தெருவில் யாருக்கும் தூக்கம் இல்லை. என் மகன் மேல் முன்பு ஓர் அடிதடி வழக்கு இருந்தது, விடுதலையாகிவிட்டான். ஆனாலும் எங்கே எது நடந்தாலும் ராத்திரி 2 மணிக்கு எங்கள் கதவைத்தான் தட்டுகிறார்கள். போன முறை வாழைத்தார் வெட்டும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை. சோதனை போடக் கூடாது என்று நாங்கள் சொல்ல முடியாதா?
(பெயர் வேண்டாம், களக்காடு வட்டாரம்)

பதில்: அம்மா, வாசலை மறித்துக்கொண்டு மட்டும் நிற்காதீர்கள். பணி செய்யவிடாமல் தடுத்ததாக அதுவே ஒரு வழக்காகும். உள்ளே வரட்டும். ஆனால் வரும் முறை ஒன்று இருக்கிறது.

ஒரு வழக்கின் விசாரணைக்காக வாரண்ட் இல்லாமலும் சோதிக்கலாம். அதற்கான காரணத்தை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். கூடுமானவரை எந்தப் பொருளைத் தேடுகிறார்கள் என்பதையும் குறிக்க வேண்டும். அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போயாக வேண்டும். சாட்சிக்கு நடுநிலையான உள்ளூர்க்காரர் இரண்டு பேராவது வேண்டும். பெண்ணைச் சோதிப்பதென்றால் ஒரு பெண்தான் சோதிக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய நடைமுறைச் சட்டம் சோதனையை வீடியோ எடுக்கவும் சொல்கிறது. எடுத்த பொருளுக்கெல்லாம் பட்டியல் போட வேண்டும். கோர்ட்டில் நாங்கள் மகஜர் என்போம். அதன் நகலைக் கேட்க வேண்டியது உங்கள் வேலை.

இதை நான் சட்டக் கல்லூரியில் படிப்பதற்கு முன்பே என் அப்பாவிடம் பார்த்தேன். 1995-ஆம் ஆண்டு ஜாதிக் கலவர நாட்கள். அந்த ஆகஸ்ட் 31 அன்றுதான் தலித் மக்கள் வாழும் கொடியங்குளம் கிராமத்துக்குள் போலீஸ் படை புகுந்தது. ஆயுதம் தேடப் போனவர்கள் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வாங்கிய டி.வி., பீரோ, மின்விசிறி எல்லாவற்றையும் நொறுக்கிவிட்டுப் போனதைப் பிறகு நாடே பார்த்தது. சில வாரம் கழித்து ஆற்றங்கரையில் இருந்த எங்கள் தெருவிலும் சோதனை. அம்மாவின் நெல் குலுக்கையை லத்தியால் தட்டிப் பார்த்தார்கள். அது உடைந்து நெல் முற்றம் வரை ஓடியது. கிடைத்தது எங்கள் தோப்பு அரிவாள் ஒன்று. அப்பா ஐந்தாம் வகுப்பு படித்தவர். “ஏட்டையா, எடுத்துக்கொண்டு போங்கள். எடுத்ததற்குச் சீட்டு கொடுங்கள்” என்றார். ஏட்டையா சிரித்துக்கொண்டே சிகரெட் அட்டையின் பின்னால் “அரிவாள் 1” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கிண்டலுக்குத்தான் எழுதினார் என்று நினைக்கிறேன். இரண்டு மாதம் கழித்து அந்த அட்டையைக் காட்டி அப்பா அரிவாளைத் திரும்ப வாங்கி வந்துவிட்டார். சீட்டு வாங்காத வீடுகளின் அரிவாள்கள் போனவை போனவைதான். அவற்றில் ஒன்று வேறொருவன் வழக்கில் சான்றுப் பொருளாக வந்து நின்றதாகத் தெருவில் பேச்சு.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமான கருவிகளை ஆயுதம் என்ற விளக்கத்திலிருந்து விலக்கியிருக்கிறது. பனையேறி இடுப்பில் செருகிய பாளை அரிவாளுக்கும் உங்கள் தார் அரிவாளுக்கும் இது பொருந்தும். நீங்கள் வாழை போட்டிருப்பதற்கு, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. எழுதும் அடங்கல் பதிவின் நகல் வாங்கி வையுங்கள். அரிவாளை வீட்டில் கட்டிலுக்கு அடியில் வைக்காமல் தோப்பில் வையுங்கள். கட்டிலுக்கு அடியில் இருந்தால் நான்கூடச் சந்தேகப்படுவேன்.

ராத்திரிக் கதவு தட்டலுக்கு வருகிறேன். 1962-இல் உச்ச நீதிமன்றத்தில் கரக் சிங் வழக்கு. கொள்ளை வழக்கில் சிக்கி, சாட்சியம் இல்லாமல் விடுபட்டவர்; ஆனாலும் அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு என்ற கண்காணிப்புக் கோப்பு திறந்து, போலீசார் நடுராத்திரியில் வீட்டுக்கு வந்து எழுப்பிக்கொண்டே இருந்தார்கள். அப்படிக் கதவைத் தட்டித் தூக்கத்தைக் கெடுப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள். வெளியே நின்று கண்காணிப்பது போன்றவற்றை அவர்களில் பெரும்பான்மையோர் விட்டுவைத்தார்கள். உங்கள் மகன் விடுதலையான தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். அவர்கள் வந்த தேதியையும் மணியையும் தினசரிக் காலண்டர் தாளின் பின்புறம் குறித்துக்கொண்டே வாருங்கள். நான்கு தாள் சேர்ந்ததும் மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். நான் எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம்.

கேள்வி: தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்? எங்கள் பக்கம் ராத்திரி 10 மணிக்கு மேல் ஊரடங்கு போட்டால்தான் வெட்டுக்குத்து அடங்கும். மனித உரிமை பேசுகிறவர்கள் எங்கள் கடைவீதியில் ஒரு ராத்திரி இருந்து பார்க்கட்டும்.
(மளிகைக் கடைக்காரர், வள்ளியூர்)

பதில்: இருந்து பார்த்திருக்கிறேன் அண்ணாச்சி. குலுக்கை உடைந்த அதே ஆண்டு கார்த்திகையில், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுத் திரும்பிய எங்கள் தெருக்காரர் ஒருவரை வெட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத் திண்ணையில் போலீஸ் பிக்கெட், அதாவது காவல் முகாம், போட்டார்கள். சோதனைக்கு வந்தவர்களை மண்ணை வாரித் தூற்றிய என் அம்மாதான் அவர்களுக்குக் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். தை மாதம் பிக்கெட்டை எடுத்தபோது, எடுக்கக் கூடாது என்று ஊரே திரண்டு போய்க் கேட்டது. போலீஸ் வேண்டாம் என்று நான் சொன்னதே இல்லை.

ஆனால் 10 மணிக்கு மேல் வெளியே போகிறவன் யார் என்று பாருங்கள். ராத்திரி முறையில் மும்முனை மின்சாரம் வந்தால் மோட்டார் போட ஓடுகிறவன், இலைக்கட்டை விடியுமுன் சந்தைக்கு ஏற்றுகிறவன், பிரசவ வலி கண்டவளை ஆட்டோவில் கூட்டிப் போகிறவன். வெட்டப் போகிறவன் சாயங்காலம் 5 மணிக்கு, பஸ் நிறுத்தத்தில் கூட்டம் இருக்கும்போதே வெட்டுகிறான். நான் நடத்திய கொலை வழக்குகளில் பாதிக்கு மேல் பகல் வெளிச்சத்தில் நடந்தவை.

நீங்கள் கடைக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் கைது செய்தது, கொரோனா ஊரடங்கு நேரத்தைத் தாண்டிச் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லித்தான். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார். மறுநாள் காலை தந்தை இறந்தார். சி.பி.ஐ. விசாரித்து, அந்தக் காவல் நிலையக் காவலர்கள் மீதே கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்தக் கடைவீதியில் அன்றைக்குச் சாயங்காலம் வரை தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்களோ.

கேள்வி: ஆவணி முகூர்த்தத்தில் தங்கைக்குத் திருமணம். அந்தத் தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் 144 போடுவார்கள் என்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் மூன்று வேனில் வருகிறார்கள். என்ன செய்வது?
(சங்கரன்கோவில் வாசகர்)

பதில்: ஒண்டிவீரன் நினைவு நாளும் பூலித்தேவன் பிறந்த நாளும் அடுத்தடுத்து வருவதால் உங்கள் பக்கம் இது பழகிய தொல்லை. 144 என்று வாயில் வந்தாலும் புதிய நடைமுறைச் சட்டத்தில் இப்போது அது பிரிவு 163. தடையுத்தரவு வேறு, ஊரடங்கு வேறு. கல்யாணத்தை நிறுத்த வேண்டியதில்லை. உத்தரவு எழுத்தில் இருக்கும். தாலுகா அலுவலகத்தில் வாங்கி, யாருக்கு விலக்கு, எந்த வாகனத்துக்குத் தடை என்று முழுக்கப் படியுங்கள். கல்யாண வேனும் அதில் சிக்குகிறது என்றால், உத்தரவை மாற்றக் கோரி அதைப் போட்ட மாஜிஸ்திரேட்டிடமே மனு கொடுக்கலாம். சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. முகூர்த்த நேரத்தையும் மூன்று வேன்களின் எண்களையும் மனுவில் எழுதுங்கள். அழைப்பிதழ் ஒன்றை மனுவோடு இணையுங்கள், வேனுக்கு ஒன்று டிரைவரிடம் கொடுங்கள். வழியில் கொடி எதையும் வேனில் கட்டவிடாதீர்கள். மாப்பிள்ளையின் நண்பர்களை அதற்காகவே தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கும்.