மாதம் பார்த்துப் பலகாரம்

(கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டத்து வீட்டில் மூன்று அறைகளை விருந்தினருக்கு விட்டு, காலைப் பலகாரமும் சமைத்துக் கொடுத்து வரும் வாசகி ஒருவர் இந்த இதழில் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

பண்ணைக்காட்டில் எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டு அறைகளை ஹோம்ஸ்டேயாக மாற்றியிருக்கிறோம். காலை உணவும் சேர்த்துத்தான் வாடகை. இட்லி, பொங்கல், பூரி என்று இதே சுற்றிச் சுற்றி வருகிறது. வித்தியாசமாக என்ன கொடுக்கலாம், அக்கா?
— வாசகி, பண்ணைக்காடு

இட்லியையும் பொங்கலையும் விட்டுவிடாதீர்கள், தங்கச்சி. வயதானவர்களும் குழந்தைகளும் அதைத்தான் தேடுவார்கள். கூட வைப்பதை மாற்றுங்கள். அதுவும் கடையைப் பார்த்து மாற்றாமல், கொல்லையைப் பார்த்து மாற்றுங்கள்.

நான் ஆரம்பித்த புதிதில், வத்தலக்குண்டிலிருந்து ஆப்பிளும் திராட்சையும் வாங்கி வந்து, நறுக்கித் தட்டில் அடுக்கி வைப்பேன். அதுதான் மரியாதை என்று நினைத்தேன். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அந்த மரத்தில் தொங்குவது என்ன பழம்மா? அதில் ஒன்று கிடைக்குமா?" என்று கேட்டார். அது பட்டர் ப்ரூட். அன்றைக்கு என்னிடம் பழுத்தது ஒன்றுகூட இல்லை. கூடை கூடையாக வியாபாரிக்குப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தவருக்கு வெளியூர் ஆப்பிளைக் கொடுத்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது. அன்றிலிருந்துதான் மாதம் பார்த்துச் சமைக்க ஆரம்பித்தேன்.

பட்டர் ப்ரூட் நம் பக்கம் ஆனிக் கடைசியில் தொடங்கி ஆவணி தாண்டியும் வரும். தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுத்து வெளியிட்ட டி.கே.டி.1 ரகம் இருந்தால் நல்லது. இந்தப் பழம் மரத்தில் இருக்கும்வரை பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். அதனால் முன்பதிவு நோட்டைப் பார்த்து, விருந்தினர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே பறித்து அரிசிப் பானைக்குள் போட்டுவிடுங்கள். காம்புப் பக்கம் மெல்ல அழுத்தினால் விரல் பதிய வேண்டும், அதுதான் பதம். எங்கள் வீட்டில் பாலும் சர்க்கரையும் போட்டு அடித்துத்தான் குடிப்போம். இப்போது சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கையால் மசித்துக் கேப்பை தோசைக்குத் தொட்டுக்கொள்ள வைக்கிறேன். சட்னிக் கிண்ணத்துக்கு முன்னால் அதுதான் காலியாகிறது.

சித்திரையிலிருந்து ஆனி வரை பலா. சுளையை அரைத்து, அரிசி மாவும் வெல்லமும் சேர்த்துக் குழிப் பணியாரம் சுடலாம். கொட்டையை அடுப்புத் தணலில் சுட்டு, தோல் உரித்துக் காபியோடு வையுங்கள். மார்கழி, தை மாதங்களில் கொடியில் மிளகு பச்சையாக நிற்கும். வெண்பொங்கலுக்குக் காய்ந்த மிளகு போடாமல், பச்சை மிளகைக் கொத்தோடு பறித்து உருவி, ஒன்றிரண்டாகத் தட்டி நெய்யில் வதக்கிப் போட்டுப் பாருங்கள். காரம் நாக்கில் அறையாது, வாசனைதான் முதலில் வரும். கமலா ஆரஞ்சு கிடைக்கிற நாட்களில் அதன் தோலைப் பொடியாக நறுக்கிப் புளி, வெல்லம் சேர்த்துப் பச்சடி செய்யலாம். இட்லிக்கு நல்ல ஜோடி. மேல்மலையிலிருந்து பட்டர் பீன்ஸ் வந்தால் இடியாப்பத்துக்குக் குருமா.

வருஷம் முழுக்க இருப்பது மலைவாழை. விருப்பாச்சி மலைவாழைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போவதும் இந்த மலைப் பழம்தான். சதையில் ஈரம் குறைவு, அதனால்தான் பஞ்சாமிர்தம் நாள்பட நிற்கிறது. ஆனால் நன்றாகப் பழுத்தால் தோல் சுருங்கிக் கறுத்துப் போகும். கீழே இருந்து வருகிறவர்கள் அழுகல் என்று ஒதுக்கிவிடுவார்கள். சும்மா மேஜையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பக்கத்தில் நின்று ஒன்றை உரித்துக் கொடுத்து, முடிக்கொத்து நோய் வந்து இந்த வாழை எவ்வளவு அழிந்தது, இப்போது எப்படித் திரும்ப வைக்கிறோம் என்று இரண்டு வார்த்தை சொல்லுங்கள். அதைக் கேட்டவர்கள் ஊருக்குப் போகும்போது ஒரு சீப்பு கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

கொடைக்கானலில் வீடு. மார்கழி வந்தால் இட்லி மாவு புளிப்பதே இல்லை. விருந்தினர் இருக்கும்போது மானம் போகிறது. பருப்பும் வேக மறுக்கிறது.
— வாசகி, நாயுடுபுரம்

குளிரில் மாவு பொங்கப் பதினெட்டு, இருபது மணி நேரம்கூட ஆகும். சாயங்காலம் அரைத்துக் காலையில் ஊற்றலாம் என்ற கணக்கு உங்கள் ஊரில் நடக்காது. முந்தின நாள் காலை பத்து, பதினொரு மணிக்குள் அரைத்துவிடுங்கள். உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம் கூடுதலாக ஊறட்டும், அரைக்கிற தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். உப்பைப் போட்டுக் கையால் நன்றாகக் கலக்குங்கள். விறகடுப்பு இருந்தால், சமையல் முடிந்ததும் நெருப்பைத் தள்ளிவிட்டு, அடுப்பு மேடையில் சாக்கு விரித்து அதன்மேல் பாத்திரத்தை வைத்துக் கம்பளியால் மூடுங்கள். என் மாமியார் இப்படித்தான் செய்வார்கள், ஒரு நாளும் தவறியதில்லை. கேஸ் அடுப்பு மட்டும்தான் என்றால், பெரிய அண்டாவில் சுடுதண்ணீர் ஊற்றி அதற்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி மூடலாம். இரவு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டியிருக்கும்.

பருப்பு வேகாததற்கு உங்கள் கைப்பக்குவம் காரணமில்லை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், நூறைத் தொடாது. திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் வைத்தாலும் அந்தச் சூட்டுக்கு மேல் ஏறாது. குக்கரில் வைத்து, கீழே வைப்பதைவிட இரண்டு விசில் கூட விடுங்கள். முட்டை அவிக்கவும் இரண்டு மூன்று நிமிடம் அதிகம் வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாமல் பெய்தால் விருந்தினர் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார்கள். நாங்களும் போனுக்கு டவர் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறோம். என்ன ஏற்பாடு செய்யலாம்?
— வாசகர், பாச்சலூர்

முதலில் ஒன்று. கனமழை எச்சரிக்கை இருக்கிற நாளில், முன்பணம் வாங்கியாயிற்று என்பதற்காக யாரையும் மலை ஏறி வரச் சொல்லாதீர்கள். சித்தரேவு வழியோ, ஒட்டன்சத்திரம் வழியோ, எங்கே மண் சரியும் என்று நமக்குத்தான் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. நாமே போன் செய்து, தேதியை மாற்றிக்கொள்ளுங்கள் அல்லது பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். புல்லாவெளி அருவியைப் பார்க்கவும் அந்த நாட்களில் அனுப்பக் கூடாது. பாறையின் வழுக்கல் கண்ணுக்குத் தெரியாது.

வந்து சேர்ந்துவிட்டவர்களை அடுப்படிக்குக் கூப்பிடுங்கள். மழை நாளில் நாங்கள் காபிக்கொட்டை வறுப்போம். இரும்புச் சட்டியில் கொட்டையைப் போட்டு, ஆளுக்குக் கொஞ்ச நேரம் கிளறச் சொல்வேன். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகி, பொட் பொட்டென்று வெடிக்கிற சத்தம் வரும்போது குழந்தைகள் சட்டியை விட்டு நகர மாட்டார்கள். முறத்தில் கொட்டி ஆற வைத்து, கையால் சுற்றுகிற மிஷினில் அரைத்து, பித்தளை பில்டரில் இறக்க வைத்தால் காலை போய்விடும். அந்தக் காபிக்கு நான் சிக்கரி சேர்ப்பதில்லை. கூடவே கேப்பைப் புட்டும் மலைவாழையும் போதும்.

கார்த்திகைக் கடைசியில் காபிப் பழம் சிவக்க ஆரம்பிக்கும். மாசி வரை பறிப்பு இருக்கும். விருந்தினரைக் கூட்டிக்கொண்டு போவதற்கு இதைவிட நல்ல வேலை இல்லை. ஆனால் சொல்லிக் கொடுத்த பிறகுதான் கிளையில் கை வைக்க விட வேண்டும். ஒரு வருஷம் நான் மும்முரத்தில் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் கிளையைப் பிடித்துப் பழமும் காயுமாக உருவிவிட்டார்கள். அடுத்த வருஷப் பூ வர வேண்டிய கணு எல்லாம் காயம். பிள்ளைகள்மேல் தப்பில்லை. இப்போது முதலில் நானே பறித்துக் காட்டுகிறேன்: சிவந்ததை மட்டும், ஒவ்வொன்றாக, லேசாகத் திருகி.

இன்னொன்று, இதை எல்லா ஹோம்ஸ்டேக்காரர்களும் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. பறிக்கிற பெண்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. விருந்தினர் பறித்த பழத்தை அந்த வரிசையில் பறிக்கிற அம்மாவின் கூடையிலேயே போடச் சொல்லிவிடுவேன். வேடிக்கை பார்க்க வந்தவர்களால் அவர்கள் கூலி குறையக் கூடாது. விருந்தினரும் அந்தப் பெண்களோடு பேசிக்கொண்டே பறிப்பார்கள். சுமார் ஆறு கிலோ பழம் பறித்தால்தான் ஒரு கிலோ காபிக்கொட்டை என்பது கை வலித்த பிறகு நன்றாகப் புரியும்.

மாசி, பங்குனியில் ஒரு மழை பெய்தால், அதைப் பூ மழை என்போம், எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகை மாதிரி வாசம். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். தேதி சொல்லி முன்பதிவு வாங்க முடியாத காட்சி அது. எனக்கு வழக்கமாக வருகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். மழை பெய்த அன்றே அவர்களுக்குப் போன் செய்துவிடுவேன்.

குறிஞ்சிப் பூ பார்க்க எப்போது வரலாம்?
— வாசகர், கோயம்புத்தூர்

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற நீலக்குறிஞ்சி கடைசியாக 2018-இல் பூத்தது. அடுத்தது 2030. நடுவில் வேறு குறிஞ்சி வகைகள் அங்கங்கே பூக்கும், அவையும் அழகுதான். ஆனால் நீலக்குறிஞ்சி என்று சொல்லி யாராவது அழைத்தால் வருஷத்தைக் கணக்குப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வயதான அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகளோடு கீழ்மலைக்கு வர நினைக்கிறோம். ஏரி, படகு, கூட்டம் எதுவும் வேண்டாம். என்ன செய்யலாம், எதற்குத் தயாராக வர வேண்டும், அம்மா?
— வாசகி, சென்னை

இரண்டு ராத்திரியாவது தங்குங்கள். காலை ஆறரைக்கு ஒரு காபியைக் குடித்துவிட்டுத் தோட்டத்துப் பாதையில் மெதுவாக ஒரு மணி நேரம் நடந்து வந்தால், பலகாரம் தானாக இறங்கும். பெரியவர்களுக்குத் தாண்டிக்குடி பாலமுருகன் கோயில். முருகன் இங்கிருந்து தாண்டிக் குதித்துப் பழனிக்குப் போனதால்தான் இந்த ஊருக்குத் தாண்டிக்குடி என்று பெயர் வந்தது என்பார்கள். பிள்ளைகளுக்குக் கல்திட்டைகளைக் காட்டுங்கள். பெருங்கற்காலத்து மனிதர்கள் இறந்தவர்களுக்காகப் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்துக் கட்டியவை. அதன்மேல் ஏறி நின்று படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். ஏற வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இருட்டிய பிறகு நடை கிடையாது. காட்டுமாடு வரும், சில இடங்களில் யானையும் வரும். தங்குகிற வீட்டுக்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மழைக்காலம் என்றால் அட்டை கடிக்காமலிருக்க நீளமான காலுறையும் கொஞ்சம் உப்பும் போதும். வெளியூர் வண்டிகள் கொடைக்கானல் வர 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், கிளம்பும் முன் ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், சொந்த பாட்டில் கொண்டு வாருங்கள்.

அப்புறம், பிள்ளைகளுக்கு எது ஒத்துக்கொள்ளாது, அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்பதையெல்லாம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். காலையில் இலை போட்ட பிறகு சொன்னால், சமைத்தவர் மனசு சங்கடப்படும்.

உங்கள் வீட்டில் தங்கியபோது கொடுத்த சௌசௌ துவையலின் செய்முறை வேண்டும். வீட்டில் எவ்வளவோ செய்து பார்த்தேன், அந்த ருசி வரவில்லை.
— வாசகி, மதுரை

நீங்கள் சதையைப் போட்டிருப்பீர்கள். நான் போட்டது தோல். இளம் சௌசௌ இரண்டின் தோலைக் கொஞ்சம் சதையோடு சேர்த்துச் சீவி எடுங்கள். நல்லெண்ணெயில் இரண்டு ஸ்பூன் உளுத்தம்பருப்பும் நான்கு வரமிளகாயும் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே சட்டியில் தோலைப் பச்சை வாடை போகும்வரை வதக்குங்கள். கோலிக்குண்டு அளவு புளி, ஒரு கைப்பிடி தேங்காய், நான்கு பல் மலைப்பூண்டு. பூண்டை வதக்க வேண்டாம். எல்லாம் ஆறிய பிறகு உப்புப் போட்டு, தண்ணீர் தெளித்து அம்மியில் கொரகொரப்பாக அரையுங்கள். மிக்சி என்றால் விட்டு விட்டு ஓட்டுங்கள். நைஸாகிவிட்டால் அந்த ருசி வராது.