கேள்வி பதில்: பெருநாரைக்கு வளைகாப்பு!

கேள்வி: அஸ்ஸாம்ல 'ஆரண்யக்'னு ஒரு அமைப்பு காட்டு உயிர்களைக் காப்பாத்துதாமே, அதை நடத்துறவங்க யாரு?

பதில்: 1989ல குவாஹாட்டியில விபவ் குமார் தாலுக்தார் ஆரம்பிச்ச அமைப்புங்க அது. அவர் காண்டாமிருக விஷயத்துல உலகளவுல மதிக்கப்படுறவர், ஆசிய காண்டாமிருக நிபுணர் குழுவுக்குத் தலைமை வகிச்சவர். ஆனா நான் முக்கியமா சொல்ல நினைக்கிறது அங்க வேலை பாக்குற பூர்ணிமா தேவி பர்மன் பத்தித்தான்.

ஹர்கிலான்னு ஒரு பெருநாரை, கிட்டத்தட்ட அஞ்சடி உயரம், ஊருக்குள்ள கடம்பு மாதிரி உயரமான மரத்துல கூடு கட்டும். அதோட எச்சமும் அது கொண்டுவந்து போடுற எலும்பு மாமிசமும் கீழ விழுந்து முற்றமே நாறும், அதனால மரத்தையே வெட்டிடுவாங்க. 2007ல தாதரா கிராமத்துல அப்படி ஒரு மரம் விழுந்து குஞ்சுங்க கீழ கிடந்ததைப் பாத்துட்டு, பூர்ணிமா தன்னோட பிஎச்டியைக்கூடத் தள்ளி வெச்சுட்டு ஊர்ப் பொம்பளைங்ககிட்டப் பேச ஆரம்பிச்சாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அவங்க பேசுன விதம்தான், சட்டம் அபராதம்னு மிரட்டாம, பறவை முட்டையிடுற சீசன்ல நம்மூரு வளைகாப்பு மாதிரியே ஒரு சடங்கு நடத்துனாங்க பாருங்க, அதுக்கப்புறம் அந்தப் பறவை வீட்டுப் பொண்ணு ஆயிடுச்சு! கூட்டுக்குக் கீழ வலை கட்டி, தவறி விழுற குஞ்சைத் தாங்குறாங்க, தறியில அதே பறவை உருவத்தைத் துணியில நெய்து வித்து வருமானமும் பாக்குறாங்க. இப்ப 'ஹர்கிலா படை'யில 10,000 பெண்களுக்கு மேல இருக்காங்க. 2022ல ஐநாவோட 'சாம்பியன்ஸ் ஆஃப் தி எர்த்' விருது பூர்ணிமாவுக்குக் கிடைச்சுது, 2023ல அந்தப் பறவையும் 'அழியும் ஆபத்து' பட்டியல்ல இருந்து ஒருவழியா ஆபத்து குறைஞ்ச பட்டியலுக்கு மாறிடுச்சு.