விட்டதைப் பிடிக்கும் ஆட்டம்

நண்பரே, ரம்மியில் விட்டதை மீட்கக் கடன் செயலியில் பணம் வாங்கியது மனைவிக்குத் தெரியாது, ஆனால் நினைத்தால் நிறுத்திவிடுவேன், இது அடிமைத்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். மனநல மருத்துவர்கள் பார்க்கும் 9 அறிகுறிகளில் ஓர் ஆண்டுக்குள் 4 இருந்தாலே சூதாட்டக் கோளாறுதான். விட்டதைப் பிடிக்கத் திரும்பத் திரும்பப் போவது, மறைப்பது, தொகையைக் கூட்டிக்கொண்டே போவது, குறைக்கப் பார்த்தால் எரிச்சல் வருவது எல்லாம் அதில் அடக்கம். முதல் இரண்டும் உங்கள் பதிவிலேயே தெரிகிறது. மற்றதை நீங்கள்தான் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 'இன்னும் ஒரு ஆட்டம், கடன் அடைந்துவிடும்' என்ற நினைப்புதான் இருப்பதிலேயே ஆபத்தானது என்பேன்.

சரி, இன்றைக்கே மனைவியிடம் சொல்லுங்கள். வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் அவர் பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம் 14416-க்குப் பேசுங்கள், அதுதான் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.